நூறு கிலோவுக்குக் கீழே

அவன்: மூச்ச இழுக்காத.

அவள்: நான் எங்க இழுத்தேன்?

அவன்: வயிறு போய் முதுகோட ஒட்டிக்கிட்டு நிக்குது. இழுக்கலியாம். விடு... இன்னும் விடு... ம். நாப்பத்திமூணு.

அவள்: போன ஞாயித்துக்கிழமையும் நாப்பத்திமூணு.

அவன்: அதுக்கு முந்தின ஞாயிறும்.

அவள்: டேப்ப சரியா வச்சீங்களா?

அவன்: யாரப் பாத்து என்ன கேள்வி கேக்கற? இருபத்தாறு வருஷமா ஊருக்கே அளவெடுத்துத் தைக்கறேன். கட்டின பொண்டாட்டி இடுப்பு தெரியாதா எனக்கு?

அவள்: தெரியும் தெரியும். கைய எடுங்க.

அவன்: இதோ பாரு, பத்து வாரமா ஒரு நூல்கூட அசையல. உடம்பே போதும்னு சொல்லுது. நீ ஏன் அதோட மல்லுக்கு நிக்கற?

அவள்: நிப்பேன்.

அவன்: நாப்பத்தெட்டு வயசாச்சு...

அவள்: நாப்பத்தேழு.

அவன்: வர்ற மாசம்...

அவள்: வர்ற மாசம் வரட்டும். இன்னிக்கு நாப்பத்தேழு.

அவன்: சரி தாயே, நாப்பத்தேழு. டாக்டரம்மாவே சொன்னாங்களா இல்லியா? மாதவிலக்கு நிக்கற வயசுல எடை லேசுல இறங்காதுன்னு?

அவள்: லேசுல இறங்காதுன்னாங்க. இறங்கவே இறங்காதுன்னா சொன்னாங்க? அவங்க சொன்னதுல உங்களுக்கு வேண்டிய துண்ட மட்டும் கத்தரிச்சு எடுத்துக்கறீங்க. தையல்காரர் புத்தி போகுமா?

அவன்: கோவப்படாத. அந்த மேசை மேல ஒண்ணு மூடி வச்சிருக்கேன். திறந்து பாரு.

அவள்: திறக்கவே வேணாம். நீங்க வாசல்ல செருப்பக் கழட்டும்போதே வாசனை வந்திடுச்சு. பன்.

அவன்: சுடச்சுட. நடுவுல கீறி வெண்ணெய் வச்சு...

அவள்: ஜாமும் வச்சு.

அவன்: கொஞ்சூண்டுதான்.

அவள்: நீங்க சாப்பிடுங்க.

அவன்: பாதி?

அவள்: வேணாம்.

அவன்: சரி, கால்.

அவள்: ஏலமா விடறீங்க? நாலரை மாசமா சோறு, ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு எதையும் தொடாதவ. இந்தக் கால் பன்னுலயா விழுந்துடப் போறேன்?

அவன்: ஒரு நாளு சாப்பிட்டா உலகம் முழுகிடாது. தட்டப் பாத்தா எனக்கே அழுகை வருது. முட்டை, கீரை, மீனு. மறுநாள் மீனு, கீரை, முட்டை. வரிசைய மாத்தி வச்சா விருந்தாயிடுமா?

அவள்: திங்கறவ நான். அழறது நீங்களா?

அவன்: மொத வாரம் நீ பட்ட பாட்ட நான்தானே பாத்தேன். தலைவலின்னு துணிய நனைச்சு நெத்தியில கட்டிக்கிட்டு... கெண்டைக்கால் இழுத்துக்கிட்டு ராத்திரி எந்திரிச்சு உக்காந்தியே. உப்புத் தண்ணியக் குடிச்சு குடிச்சு...

அவள்: அது மொத வாரம். தாண்டியாச்சு.

அவன்: எங்க அக்கா மக கல்யாணத்துல அத்தன பேரும் கேக்கு வெட்டி வெட்டித் தின்னாங்க. நீ மட்டும் கைப்பையிலேருந்து வேகவச்ச முட்டைய எடுத்து...

அவள்: ஆமா, எடுத்தேன். உரிச்சேன். தின்னேன். உங்க அக்கா மூஞ்சிக்கு நேராவே தின்னேன்.

அவன்: அவ என்ன கேட்டா தெரியுமா என்னக் கூப்பிட்டு?

அவள்: "சுகரா?"ன்னு கேட்டிருப்பாங்க.

அவன்: அதுகூடப் பரவால்ல. "வீட்டுல சோறு போடறதில்லியா?"ன்னா.

அவள்: போன வருஷம் அதே வாய்தான் "என்னடி பீப்பா மாதிரி உருள்ற"ன்னு கேட்டுச்சு. பெருத்தாலும் பேச்சு, இளைச்சாலும் பேச்சு. ஊர் வாய மூட உலைமூடி இல்லங்க. நான் என் வாய மூடிக்கிட்டேன். அது போதும்.

அவன்: எல்லாம் அந்தப் பெல்ட்டுக்காக.

அவள்: ஆமா. அந்தப் பெல்ட்டுக்காகத்தான்.

அவன்: ஒரு பெல்ட்டு...

அவள்: வெறும் பெல்ட்டா அது? உங்களுக்கு ஊசி மாதிரிங்க எனக்கு அது. இடுப்பையும் தொடையையும் சேத்துப் பூட்டிட்டு, கயித்துல கோத்துட்டு, மொட்டை மாடி விளிம்புலேருந்து பின்பக்கமா கால எடுத்து வைக்கற அந்த ஒரு நிமிஷம்... சரி, உங்களுக்கு எங்க புரியப்போகுது.

அவன்: புரிய வேணாம்.

அவள்: இருபது வருஷமா கயித்துல தொங்கிக் கண்ணாடி துடைச்சவ. இந்த ஊர்ல உசரமா நிக்கற கட்டடம் எதுன்னாலும் அதோட மூஞ்சியக் கழுவிவிட்டவ நான். என்னைக் கொண்டுபோய், நூத்திப்பதிமூணு கிலோ ஆயிட்டேன், பெல்ட்டு நூறு வரைக்கும்தான் தாங்கும்னு சொல்லி, கீழ நிக்க வச்சுட்டாங்க. வாளியில சோப்புத் தண்ணி கரைக்கணும். நடந்து போறவங்கள "அந்தப் பக்கமாப் போங்க, அந்தப் பக்கமாப் போங்க"ன்னு விரட்டணும்.

அவன்: கௌரவமான வேலைதானே? கால் தரையில இருக்கு. நிழல் இருக்கு. டீ குடிக்க நேரம் இருக்கு.

அவள்: டீயோட நாலு பிஸ்கட்டும் இருக்கு. அத விட்டுட்டீங்களே.

அவன்: கீழ இருந்தா என்ன குறைஞ்சு போச்சுன்னுதான் கேக்கறேன்.

அவள்: அண்ணாந்து பாத்துப் பாத்து கழுத்து வலிக்குதுங்க. நேத்து வந்ததுங்க எல்லாம் மேலேருந்து "அக்கா, வாளி"ன்னு கத்துது. அதுங்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் குடுத்ததே நான். வயசானவள ஓரங்கட்டின மாதிரி இல்ல, செத்தவளுக்கு மாலை போட்ட மாதிரி இருக்கு. நான் இன்னும் சாகல.

அவன்: வாயக் கழுவு! ஞாயித்துக்கிழமையும் அதுவுமா...

அவள்: அதான் சொல்றேன். பன்ன மூடி வைங்க.

அவன்: மூடிட்டேன்.

அவள்: ஒண்ணு கேக்கட்டுமா?

அவன்: கேளு.

அவள்: என் பேன்ட்டுக்குப் போடற தோல் பெல்ட்டுல இதுவரைக்கும் அஞ்சு புது ஓட்டை போட்டிருக்கேன். ஆணிய வச்சு நானே அடிச்சேன்.

அவன்: ம்.

அவள்: பெல்ட்டு அஞ்சு ஓட்டை உள்ள போச்சு. ஆனா பேன்ட்டு மட்டும் கொஞ்சம்கூடத் தளரல. எப்படி?

அவன்: அது... துணி. வெளுக்க வெளுக்கச் சுருங்கும்.

அவள்: நாலு பேன்ட்டும்?

அவன்: ஒரே துணிதானே நாலும். பருத்தி கலந்தது. அப்படித்தான்...

அவள்: இடுப்புல மட்டும் சுருங்குமா? நீளத்துல சுருங்காதா?

அவன்: சில துணி...

அவள்: சொல்லுங்க. இருபத்தாறு வருஷம் துணிய அறுத்தவர் சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்.

அவன்: மீனுக்கு மஞ்சத்தூள் இருக்கான்னு பாத்துட்டு வரேன்...

அவள்: உக்காருங்க.

அவன்: அடுப்புல...

அவள்: அடுப்பு பத்தவே வைக்கல. உக்காருங்கன்னேன். இந்தப் பேன்ட்ட உள்பக்கமாத் திருப்பிப் பாருங்க.

அவன்: எதுக்கு...

அவள்: பாருங்க. இது மொதல்ல தச்ச கோடு. இது அத விட்டு அரை அங்குலம் உள்ள தள்ளி ஒரு கோடு. இது அதையும் விட்டு இன்னொண்ணு. இதுல நூல் இன்னும் பளபளங்குது, புதுசு. முனையில மூணு முடிச்சு. இந்த ஊர்ல முனைக்கு மூணு முடிச்சுப் போடற தையல்காரர் எத்தன பேருங்க?

அவன்: நான் ஒருத்தன்தான்.

அவள்: நான் இளைக்க இளைக்க நீங்க பிடிச்சுக்கிட்டே வந்திருக்கீங்க.

அவன்: குடு, மடிச்சு வைக்கறேன்.

அவள்: டேப்ப எடுங்க. அந்த முனை எதுல ஆரம்பிக்குது?

அவன்: விடும்மா...

அவள்: படிங்க. கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிங்க.

அவன்: மூணுல.

அவள்: ஒண்ணு எங்க? ரெண்டு எங்க?

அவன்: கத்தரிச்சுட்டேன்.

அவள்: கத்தரிச்ச இடத்துல பித்தளைத் தகட்டக்கூட அழகா மாட்டி வச்சிருக்கீங்க. பாத்தா யாருக்கும் சந்தேகமே வராது. பொய்யிலயும் ஒரு தொழில் சுத்தம்.

அவன்: மொதல்ல ஒரு அங்குலம்தான் கத்தரிச்சேன்...

அவள்: அது பத்தல, அப்புறம் இன்னொண்ணு.

அவன்: நீ இளைச்சுக்கிட்டே போனியே. நான் என்ன பண்ண?

அவள்: இந்த டேப்புலதான் கடைக்கு வர்றவங்களுக்கும் அளவெடுக்கறீங்களா?

அவன்: சேச்சே! கடை டேப்பு வேற. அது முழுசா இருக்கு.

அவள்: ஊருக்கு உண்மை, பொண்டாட்டிக்குப் பொய். எடை பாக்கற மெஷினையும் நீங்கதானே தூக்கி உங்க அக்கா வீட்டுல குடுத்தீங்க? "தினம் ஏறி இறங்கினா பைத்தியம் பிடிச்சுடும், வாரம் ஒரு தடவை நானே அளந்து சொல்றேன்"னு. என்ன ஒரு அக்கறைன்னு நானும் உருகிப்போனேன்.

அவன்: அக்கறைதான்.

அவள்: இதுவா?

அவன்: ஆமா, இதுதான்! வேற எப்படிச் சொல்றது? போன வருஷம் அந்தப் பதினாலாவது மாடி... மறந்துட்டியா?

அவள்: காத்து கொஞ்சம் சுத்திவிட்டுச்சு.

அவன்: கொஞ்சமா? நாப்பது நிமிஷம் தொங்கின! கயிறு சிக்கிக்கிட்டு, காத்துல தட்டாமாலை சுத்திக்கிட்டு... கடைக்குப் போன் வந்துச்சு. தச்சுக்கிட்டிருந்த சட்டைய மெஷின்லயே விட்டுட்டு ஓடினேன். வெளிய வந்தா கால்ல செருப்பு இல்ல. அங்க வந்து நின்னா, அண்ணாந்து பாக்க முடியல என்னால. கூட்டமே பாக்குது, நான் மட்டும் தரையப் பாத்துக்கிட்டு நிக்கறேன். உன் குரல்தான் கேட்டுச்சு. யாரையோ திட்டிக்கிட்டிருந்த. "அப்பாடா, திட்டறா, உசுரோட இருக்கா"ன்னு...

அவள்: இதையெல்லாம் நீங்க சொன்னதே இல்லியே.

அவன்: எப்படிச் சொல்ல? நீ இறங்கி வந்ததும் வராததுமா "இன்னும் ரெண்டு சன்னல் பாக்கி இருக்கு"ன்ன.

அவள்: பாக்கி இருந்துச்சே...

அவன்: இருபது வருஷம். நீ வேலைக்குப் போற முந்தின ராத்திரியெல்லாம் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சன்னல்ல கைய நீட்டிப் பாத்துக்கிட்டுக் கிடப்பேன். பகல்ல போன் அடிச்சா ஊசி விரல்ல ஏறிடும். இதோ பாரு, இந்த விரல. எந்தத் தையல்காரனுக்கு இத்தன குத்து இருக்கும்? உன்னைக் கீழ இறக்கிவிட்டாங்கன்னு நீ அழுதுக்கிட்டு வந்த அன்னிக்கு, நான் உன் முதுகத் தடவிக் குடுத்துக்கிட்டே... உள்ள எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா? அன்னிக்கு ராத்திரி தூங்கினேன். இடி விழுந்தாலும் தெரியாத தூக்கம். அப்புறம் நீ முட்டையும் கீரையுமா ஆரம்பிச்ச. மொத மாசம் சிரிச்சேன். ரெண்டாவது மாசம் இடுப்புல மூணு அங்குலம் போச்சு... அப்பதான் கத்தரிய எடுத்தேன்.

அவள்: பயந்தது தப்பில்லங்க.

அவன்: அப்பாடா...

அவள்: இருங்க, முடிக்கல. பயந்தீங்கன்னா பயம்னு சொல்லியிருக்கணும். "போகாத"ன்னு கத்தியிருக்கணும். சண்டை போட்டிருக்கலாம். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்போம். அது புருஷன் பொண்டாட்டி. இது என்னங்க? என் உடம்பையே எனக்குப் பொய்யாக் காட்டினீங்களே.

அவன்: உன்னைக் கஷ்டப்படுத்தணும்னு இல்ல...

அவள்: அஞ்சு வாரத்துக்கு முன்னாடி, வேலை விட்டு வர்ற வழியில அந்த பேக்கரி முன்னால நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியாது. உள்ள தட்டுத் தட்டா அடுக்கி வச்சிருக்கான். உடம்பு வேற திடீர்னு அடுப்பு மாதிரி கொதிக்குது, வேர்த்து ஊத்துது. இந்த வயசுக்கு அது வேற. "சாண் ஏறினா முழம் சறுக்குது, யாருக்காக இந்தப் பாடு? என் உடம்பு தோத்துப்போன உடம்பு"ன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். கதவத் தள்ளக் கைகூட வச்சுட்டேன்.

அவன்: உள்ள போனியா?

அவள்: போகல.

அவன்: ஏன்?

அவள்: ஏன்னு எனக்கே தெரியல. வீம்புதான். பலன் இருக்கறப்ப வாயக் கட்டறது யாருக்கும் முடியுங்க. ஒரு நூல்கூட இறங்கலன்னு தெரிஞ்சும், அன்னிக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு முட்டைய உடைச்சு ஊத்தினேன் பாருங்க... அந்த முட்டைய நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. "பாவம், விட்டுடேன்"னீங்க. டேப்பு உங்க கழுத்துல தொங்கிச்சு.

அவன்: அடிச்சுடேன் என்னை. பேசாத, அடிச்சுடு.

அவள்: அடிச்சா நீங்க தாங்க மாட்டீங்க. நாலரை மாசமா மீனும் முட்டையும் தின்ன கை.

அவன்: சிரிக்கறியா... நெசமாவே சிரிக்கறியா?

அவள்: சிரிக்கல. கண்ணத் தொடைங்க, துணியில விழுது.

அவன்: எப்பக் கண்டுபிடிச்ச?

அவள்: கொஞ்ச நாளாச்சு.

அவன்: கொஞ்ச நாளாவா? இப்பக்கூட வந்து நின்னு அளக்கச் சொன்ன?

அவள்: மூணு ஞாயிறா நிக்கறேன். நீங்களாவே "தப்பு, நாப்பத்திஒண்ணு"ன்னு சொல்லுவீங்கன்னு. மூச்சக்கூட இழுத்துக் காமிச்சேன், பாவம்னு மனசு இரங்குமான்னு.

அவன்: நான் ஒரு...

அவள்: ஆமா.

அவன்: நான் இன்னும் சொல்லவே இல்லியே.

அவள்: எதைச் சொன்னாலும் ஆமாதான்.

அவன்: குடு, அந்த நாலு பேன்ட்டையும் குடு. எல்லாத்தையும் பிரிச்சுடறேன்.

அவள்: பிரிக்காதீங்க! இப்ப அதான் எனக்குச் சரியான அளவு. மொதக் கோட்டுல போட்டா நடுரோட்டுல கழண்டு விழும்.

அவன்: அப்ப என்னதான் பண்ணட்டும்?

அவள்: இந்த டேப்ப மட்டும் தூக்கிப் போடுங்க.

அவன்: போட்டுட்டேன். இதோ. போதுமா? கேளு... இனிமே உள்ளத உள்ளபடி அளந்து சொல்றேன். ஞாயித்துக்கிழமை பன்னு வாங்கிட்டு வரமாட்டேன். பயம் இருக்கத்தான் செய்யும், அது எங்கயும் போகாது. ஆனா அது என் பயம், நான் பாத்துக்கறேன். அத உன் தலையில கட்டமாட்டேன். இன்னும் எத்தன கிலோ குறையணுமோ, உன்கூட உக்காந்து நானும் கீரையத் தின்றேன். கம்பெனியில உன்னை எடை பாக்கற அன்னிக்குக் கடையப் பூட்டிட்டு நானும் வரேன், வெளிய நிக்கறேன். அது எப்ப? அந்த எடை எப்பப் பாக்கணும்?

அவள்: பாத்து மூணு வாரம் ஆச்சுங்க. "என்னால முடியல, கீழயே இருந்துடறேன்"னு எழுதிக் குடுக்கத்தான் அன்னிக்குப் போனேன். சூப்பர்வைசர், எதுக்கும் ஏறி நில்லுன்னார்... தொண்ணூத்தெட்டு. ரெண்டு தடவை இறங்கி ஏறினேன், மெஷின் பழுதோன்னு. அன்னிக்கு சாயங்காலம் வந்துதான் உங்க டேப்பையும் பேன்ட்டையும் திருப்பிப் பாத்தேன். இந்த மூணு வாரமா நான் மேலதான் இருக்கேன்... பொய் சொன்னது நீங்க மட்டும் இல்ல. தினமும் வீட்டுக்கு வந்து சொல்லிடணும்னுதான் இருப்பேன். நீங்க பாட்டுக்கு வாயத் திறந்து வச்சுக்கிட்டுக் குழந்தை மாதிரி தூங்குவீங்க, எனக்கு மனசு வராது. நாளைக்கு மறைக்க முடியாதுங்க. உங்க கடைக்கு எதிர்த்தாப்புல இருக்கற பதினெட்டு மாடிக்குத்தான் கயிறு போடறாங்க, மொத ஆளா இறங்கப்போறது நான். பத்து மணிக்கு வெளிய வந்து நில்லுங்க. இந்தத் தடவை தரையப் பாக்கக் கூடாது.